அறுபத்து மூணாவது நம்பர்

வண்ணாரப்பேட்டை மாடியில் பதினொரு ஹெட்செட்.
ஆபீசில் என் பெயர் ஸ்வேதா.
முப்புடாதி என்றால்
சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுவார்களாம்.

ஸ்வேதாவுக்கும் வைத்தார்கள்.
களக்காட்டில் ஒருவர், "வாழைக்கு மருந்தடிக்கேன், வையி."
வள்ளியூரில் காற்றுதான் பேசியது.
திசையன்விளையில் ஒரு பையன்
எங்கம்மா நம்பரை உனக்கு யார் குடுத்தா என்றான்.
அதற்குப் பதில் தாளில் இல்லை.

அறுபத்து மூணு. முக்கூடல், பரமகல்யாணி.
கங்கைகொண்டான் பக்கம் வீட்டுமனை, மேடம்.
"சொல்லு."
முப்பதடி ரோடு.
"ம்."
நல்ல தண்ணி.
"எத்தனை அடியில?"
ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்,
பீடி இலையைக் கத்தரி நறுக்குவது கேட்கிறது.
பார்க், சுற்றுச்சுவர், கிழக்கு பார்த்த வாசல்.
தாள் முடிந்தது. நானே
வேம்பு இரண்டு நட்டேன்,
மாடிப்படி வைத்தேன்.
"படிய வெளிய வையி. உள்ள வச்சா இடம் போயிரும்."

பதினாலு நிமிஷம்.
"கட்டு முடிஞ்சிட்டு, வைக்கேன்" என்றாள்.

நீளத்தைப் பார்த்த சூப்பர்வைசர்
அவள் பெயரில் சிவப்பு வட்டம் போட்டார்:
சூடான பார்ட்டி, விட்டுராத.
ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று
நான் அவருக்குச் சொல்லவில்லை.

மறுநாள் பத்தரைக்கு அடித்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தாள்.
"படி வரைக்கும் வந்தோம்லா.
மேல ஏறு."