பூஜ்யம் காட்டும் வரை

அமராவதிபுதூர் தாண்டி
தேவகோட்டை ரோட்டில் அடைக்கலத்தின் எடைமேடை.
மூன்று நாளாக அதில்
வைக்கோல் ஏற்றிய குட்டியானை
பதினெட்டு டன் நிற்கிறது.

முன்னால் இறங்கிப்போன கரிமூட்டை லாரியின் எடை அது.
லாரி இந்நேரம் புதுக்கோட்டை தாண்டியிருக்கும்.
எடை மட்டும் இறங்காமல்
அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறது.

"வேற சிஸ்டம் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா ஆத்தா?"
சொன்னார்.
பழைய கம்ப்யூட்டர் போன வார இடியில் செத்தது,
புதியதில் லினக்ஸ் போட்டவள் நான்.
எடை போடும் நிரலோ
விண்டோஸ் தவிர வேறு வீடு அறியாதது.
எழுதிக்கொடுத்த மதுரைக் கம்பெனி மூடி ஒன்பது வருடம்;
ரசீதில் இருந்த நம்பர்
உபயோகத்தில் இல்லை.

ஆகவே நடுவில் நாங்கள்.
'சி டிரைவ்' என்று அது கூப்பிட்டால்
சாதாரணக் கோப்புறை ஒன்று எழுந்து 'இங்கே' என்னும்.
'காம் ஒன்று எங்கே?' என்றால்
வேறு பெயர்கொண்ட ஒரு வாசலைக் காட்டிவிட்டு
முகம் மாறாமல் நிற்போம்.
பொய்தான்.
ஓர் எழுத்தும் பிசகக்கூடாத பொய்.

சம்பளமில்லாத இந்தப் பொய்க்கு
என்னோடு முந்நூறு பேர்.
இந்த வாரம் விழித்திருப்பது இருவர்,
பர்னோவில் யிட்கா,
இபாதானில் ஒலுமிடே.

கையேடு தெளிவாகச் சொல்கிறது:
வாசலை மூடித் திறந்தாலும்
வந்து சேர்ந்த எழுத்து எதுவும் தொலையாது.
நாங்கள் தொலைக்கவில்லை,
ஒரு பைட்கூட.
கையேட்டின்படி நாங்கள் சரி.
குட்டியானையின்படி தப்பு.

ஒலுமிடே எழுதினான்:
"அந்தக் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தவன் நான்.
இந்த இடத்து மூலநிரலைப் படித்திருக்கிறேன்.
அதனால் என்னிடம் கேட்காதீர்கள்.
எழுத்துரு வேலை ஏதும் இருந்தால் கொடுங்கள்."

உள்ளே போய் வந்தவர் கை படக்கூடாது,
வெளியே நின்று தட்டிக் கேட்டதையே எழுதலாம்
என்பது எங்கள் கட்டுப்பாடு.
விடை தெரிந்த ஒருவன் வாய்மூடி உட்கார்ந்து
ரசீதில் தெறித்து ஓடும் தமிழ்க் கொம்புகளை
ஒவ்வொன்றாகப் பிடித்துவந்து கட்டினான்.
தமிழ் தெரியாது அவனுக்கு.
கொம்பு எந்தப் பக்கம் என்று தெரியும்.

யிட்காவிடம் நிஜ விண்டோஸ்,
நிஜ வாசல் உள்ள பழைய பெட்டி.
தட்டினாள்.
பத்து எழுத்து அனுப்பு, மூடு, திற, என்ன இருக்கிறது?
ஐந்து அனுப்பு, மூடாதே, காத்திரு, என்ன இருக்கிறது?
செக்காலையில் என் மொட்டைமாடி அறையில்
இரண்டு முறை கரண்ட் போய் வந்தது.
பல்லவன் ஊதிக் கிளம்பும் நேரத்தில்
நாற்பத்தோராவது கேள்விக்கு
அவளிடமிருந்து ஒரே சொல்:
காலி.

மூடும்போதே துடைத்துவிடுகிறது!
கையேட்டை எழுதியவனிடமும் சொல்லாமல்.
எந்தெந்த ஊரில் எத்தனை எடைமேடைகளோ
அந்த மறதியை நம்பி
ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கின்றன.
நாங்கள்தான்
மறக்க வேண்டிய இடத்தில் நினைவு வைத்திருந்தோம்.

ஏழு வரியில் மறதி எழுதினேன்.
மேலே ஒரு குறிப்பு:
'இது தப்பு. தெரிந்தே எழுதியது. திருத்த வேண்டாம்.'
நான்காவது வரியில் ஓர் இடைவெளி அதிகம் என்று
யிட்கா திருப்பி அனுப்பினாள்.
பிழையையும் பிழையில்லாமல் எழுத வேண்டியிருக்கிறது.
எடுத்தேன். சேர்ந்தது.
ஒலுமிடே ஒரு கட்டைவிரல்கூடக் காட்டவில்லை,
அதுவும் கட்டுப்பாடுதான்.

மறுநாள் காலை கரி லாரி ஏறி இறங்கியது.
பின்னாலேயே குட்டியானை.
ஆயிரத்து நூற்று அறுபது.
கொம்பு ஒட்டிய ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
அடைக்கலம் கேட்டார்:
"முந்தி மாதிரியேதான இருக்கு, என்னத்த செஞ்ச?"
இதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் தொழிலில் கிடையாது.
பர்னோவுக்கு அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன்.

குட்டியானை இறங்கியது.
திரை இருபதில் நின்றது.
இருபது.
இருபதுதான்.
அடைக்கலம் என்னைப் பார்க்க,
நான் ஏழு வரியையும் மனசுக்குள் மறுபடி ஓட்டிக்கொண்டே
வெளியே எட்டிப் பார்த்தேன்.

மேடை நடுவில்
இளவெயில் காய்ந்துகொண்டிருந்தது
ஒரு செவலை நாய்.

விசிலடித்தார்.
பூஜ்யம்.