பொருந்தாது எனில், காரணம்

எங்கோ ஒரு குளிர்நாட்டு அணைக்காக எழுதியது.
பாதி விலைக்கு வாங்கி,
கல்லடியில் கோழிக்கடைக்கு மேல்மாடியில்
பிரித்துப் போட்டிருக்கிறோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு தேவைகள்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம்:
பொருந்தும், பொருந்தாது.
பொருந்தாது எனில் காரணம். கையொப்பம்.

வெட்டுவது லேசு என்றுதான் வந்தேன்.
காரணத்தில் வந்து பேனை நிற்கிறது.

அறுபத்தேழு:
கதவை மூடும் அதிகாரியின் பெயரும் கடவுச்சொல்லும்
பதிவாக வேண்டும்.

முகத்துவாரத்தில் கதவு இல்லை,
மணல்தான்.
கச்சேரியில் கூட்டம் வைத்து
படுவான்கரை வெள்ளாமைக்காரர் வெட்டு என்று கத்த
இறால்காரர் பொறு என்று கத்த
பெக்கோ வந்து திறக்கும்.
மறுகா ஏதோ ஓர் இரவில்
ஆரையும் கேளாமல் மூடிக் கிடக்கும்.
காரணம்: மூடுவது கடல்.

"கணக்காய்வுக்கு இது காணாது" என்றாள் பவுஸ்தீனா.
கடலுக்கு ஒரு பயனர் கணக்குத் திறந்தோம்,
கடவுச்சொல் கேட்காதபடி.

நூற்று நாற்பது: பனிக்கட்டியின் தடிப்பு.
சிரித்துக்கொண்டே வெட்டினோம்.
ஓட்டிப் பார்த்தால்
மழைக்கணக்கு செத்துக் கிடந்தது.

மூன்று நாள் தேடினேன்.
யாரோ ஒருவன், மழையை நேரே கூட்டாமல்
பனியின் மேல் கூட்டியிருக்கிறான்.
உருகினால் அதுவும் நீர்தானே.
பக்கத்தில் அவன் எழுதிய குறிப்பு
எனக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில்.
ஆச்சரியக்குறி மட்டும் விளங்கிற்று.

வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன்.
அளவியைப் பிடுங்கி
அந்த இடத்தில் ஒரு பூச்சியத்தை இருத்தினேன்.
எந்தக் கட்டத்தில் போடுவது?
நடுக்கோட்டின் மேலேயே புள்ளடி விழுந்தது.
பவுஸ்தீனா கண்டும் காணாமல்
கையொப்பம் வைத்தாள்.

கார்த்திகை, விடிய நாலு பத்து.
கையில் குடை, மற்றக் கையில் அறிக்கை:
நீர்மட்டம் ஒன்று தசம் நாலு மீற்றர்.
மழை நூற்றுப் பதினெட்டு மில்லிமீற்றர்.
பனிக்கட்டி பூச்சியம்.
பெக்கோ இன்னும் பாலம் தாண்டவில்லையாம்.

வாடிக்குள் ஒருத்தர்
இறால் பெட்டிகளுக்கு
சாக்கில் கட்டி ஐஸ் உடைக்கிறார்.
தெறித்த துண்டொன்று
என் செருப்படியில் வந்து கிடக்கிறது.

இரண்டங்குலம் இருக்கும்.
அளவியைப் பிடுங்கியது நான்தான்.