என் முதுகில் கோவால்ஸ்கி

சம்பளம் தந்து பந்து களிக்கச் சொன்ன
எங்கள் கரையின் ஒரே டீம்
பதினாலு மாசம் உயிரோடு இருந்தது.
அதில் பதினொரு மாசத்துக்குத்தான் சம்பளம்.

இனயத்தில் ஐஸ் பிளாண்ட் வைத்திருந்த கிளீட்டஸ் முதலாளிக்கு
ஒஹாயோவில் ஒரு மச்சினன்.
அங்கே, பேர் சொன்னாலும் நாக்கில் நிற்காத ஓர் ஊரில்,
இரண்டே சீசன் ஆடி, கடன் ஏறி, கதவைப் பூட்டிய
ஒரு டீமின் உடுப்பை ஏலத்தில் எடுத்தான்.
பெட்டி கொச்சியில் இறங்கியது:
நாற்பத்தியொரு ஜெர்சி, முழுக்கை,
பனியில் ஆடத் தைத்த கனம்.
நெஞ்சில் கொம்பு தாழ்த்திய காட்டெருது.

"உடுப்பு வந்தாச்சு. இனி ஆளு வேணும்" என்றார் முதலாளி.
டீம் அப்படித்தான் பிறந்தது.

ரசீதில் குமரி கோஸ்டல் எஃப்.சி.
மார்ச் மாச வெயிலில் முதல் மேட்ச்,
இடைவேளைக்குள் மூன்று பேர் வாந்தி.
அன்று அந்திக்கே ஊர் பேர் வைத்துவிட்டது,
எருமை டீம்.
மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு
லைனோரம் நின்று பெண்கள் கத்துவார்கள்:
"முட்டுலேய் எருமே, முட்டு!"
முட்டினோம். ஏழு ஜெயம், நாலு சமம்.
கொல்லத்தில் நாலு கோல் வாங்கியதை
முதலாளி கணக்கில் சேர்க்கமாட்டார்,
அன்று மழை என்பார்.

முதுகில் ஒட்டியிருந்த பேர்களைப் பிரிக்க
டெய்லர் அம்புறோஸ் பிளேடு வைத்துப் பார்த்தார்.
துணிதான் பிரிந்தது.
ஆக வறுவேல், ஹென்றிக்சன் ஆனான்.
முள்ளூர்துறை பெர்ஜின், ஓபிரையன்.
ஞாயிறு பூசையில் நன்மை வாங்க வரிசையில் நின்றால்
பின்னால் இருந்து பொடியன்கள்
"ஹென்றிக்சன், ஹென்றிக்சன்" என்று முணுமுணுப்பார்கள்.

நான் இருபத்திரண்டு. மஞ்சள்.
இரண்டாம் கோலி. கோவால்ஸ்கி.

முதல் கோலி கான்ஸ்டன்
ஒருநாளும் காய்ச்சலில் படுக்காதவன்.
ஒரேயொரு முறை, நாகர்கோவிலில்,
போஸ்டில் நெற்றி இடித்து விழுந்தான்.
நான் எழுந்தேன். கால் மரத்திருந்தது.
பதினொரு நிமிடம்.
ஒன்றைக் கணுக்காலால் தடுத்தேன்
(நான் அதைப் பார்க்கவில்லை, அதுதான் என்னைப் பார்த்து வந்தது),
இரண்டை விட்டேன்.
என் தொழில்முறை ஆட்டத்தின் முழு வரலாறு இது.
யாராவது கேட்டால் பதினைந்து நிமிடம் என்பேன்.

அடுத்த வருசம் ஏற்றுமதிக் கம்பெனி தந்த செக்
மூன்று தடவை திரும்பியது.
கரண்ட் பில் கட்டவில்லை, ஃபியூஸைப் பிடுங்கினார்கள்.
கிளப் ஆபீஸ் பிளாண்டின் மாடியில்.
டீம் கலைந்த செய்தியைக் கேட்கப் போனவர்கள்
ரோட்டில் ஓடிய தண்ணீரை மிதித்தே போனோம்.
பாக்கி மூன்று மாசத்துக்கு
"ஐஸ் எடுத்துக்கிடுங்க மக்களே,
உருகதுக்கு முந்தி" என்றார்.
அழுதாரா, குளிரா, தெரியவில்லை.
கட்டி கட்டியாகச் சம்பளத்தைத் தோளில் ஏற்றி
பனியடிமை அண்ணன் போட்டில் நிரப்பி
ஆறு பேர் அன்றைக்கே தங்கலுக்குக் கிளம்பினோம்.

கரையில் இருந்து நூற்றெண்பது கடல்மைல்.
ராத்திரிக் காற்றில்தான்
அந்த ஜெர்சி எதற்குத் தைத்தது என்று புரிந்தது.

கோவால்ஸ்கி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.
பெட்டி பிரித்த அன்றே நான் கவனித்தேன்.
கோலி உடுப்பில் முதலில் போவது கைமுட்டுதான்.
கான்ஸ்டனுக்குக் கிடைத்ததில் இரண்டு முட்டும் ஓட்டை.
உன்னுடையது
கடையில் மடித்த மடிப்போடு இருந்தது.
உனக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார்கள்?
பாக்கிக்கு உனக்கு என்ன தந்தார்கள்?
அங்கே ஐஸ் சும்மாவே கிடைக்குமாமே.

இப்போது முட்டு இரண்டும் நைந்துவிட்டது,
பந்தால் இல்லை, தூண்டிக் கயிறு உரசி.
உன் பேரில் 'ஸ்' உதிர்ந்தாயிற்று.
அணியத்தில் இருந்து வறுவேல் கத்துகிறான்,
"லேய் கோவால்கி, ஒறங்காத,
கயிறு வலிக்குது பாரு."