மீசை எடுத்த வாரம்

புதுவயலில், ஆலை புளோயருக்கு
இருபத்திரண்டு வருஷமாக நான்தான் ஆள்.
உமி பறக்கும் தூரத்தை வைத்தே
காற்றைக் கூட்டவும் குறைக்கவும் தெரியும்.
இப்போது எனக்கே ஒரு புளோயர்.
தேவகோட்டையிலிருந்து பைக்கில் வந்த பிரிட்டோ
கட்டிலோரம் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டுப் போனான்.
அழுத்தம் ஒன்பது.
என்னைக் கேட்காமல் வைத்த ஒன்பது.

மதுரையில் ஒரு ராத்திரி
தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்து எண்ணினார்கள்.
மணிக்கு நாற்பத்திரண்டு தடவை மூச்சு நிற்கிறதாம்.
தாளைப் படித்துக் காட்டியபோது
அழகம்மை தலையாட்டினாள்,
மளிகைக் கணக்கு சரியாக வந்ததுபோல.
குறட்டை அறுந்த இடத்தில் விழித்து
விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்து
என்னைத் திரும்ப ஓடவிட்டவள்.
எத்தனை வருஷமாக என்று
நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முதல் ராத்திரி ஒரு மணி பத்து நிமிஷம்.
அடுத்த நாள் நாற்பதே நிமிஷம்.
மூச்சை விடப்போனால் எதிர்க்காற்று,
ஓடுகிற லாரி ஜன்னலில் தலை நீட்டினாற்போல.
வாய் திறந்தால் அந்த வழியே ஓடிவிடும்,
நாக்கில் பாய்லர் சாம்பல்.
மூன்றாம் நாள் விடியலில்
முகமூடி கால்மாட்டில் கிடந்தது,
போர்வைக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டு.
நான்தான் கழற்றியிருக்கிறேன். நினைவில்லை.

மெஷின் தொட்டியில் ஊற்ற
பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டேன்.
"எந்த வண்டிக்கு?" என்றார் நாச்சியப்பன்.
"எழுபத்துமூணு மாடல்" என்றேன்.

மீசை வழியாகக் காற்றுக் கசிகிறது என்று
போனில் பிரிட்டோ சிரிக்காமல் சொன்னான்.
அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்று எடுத்தது,
அதற்கப்புறம் கத்தி பட்டதில்லை.
சலூனில் நுரை தடவிவிட்டு
"யாருங்க?" என்று கேட்டார்.
"எடுங்க" என்றேன்.

காலையில் மில் வாசலில்
மூட்டை சுமந்தவர்கள் சுமந்தபடியே நின்றார்கள்.
அடைக்கலம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.
"யாரு தவறுனது? ஒரு வார்த்தை சொல்லிவிடலையே."
"நான்தான்.
மணிக்கு நாப்பத்திரண்டு தடவை."
விளக்கிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.
பீடியைச் செருப்பில் தேய்த்து அணைத்தான்.
"எங்கப்பாவும் குறட்டை விடுவாரு.
ஒருநாள் விடலை."
அப்புறம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு,
மெஷின் என்ன விலை என்றான்.

அன்றைக்கு நாலு மணி ஐம்பது நிமிஷம்.
கனவுகூட ஒன்று. வந்தே வருஷங்களாகின்றன.
பெரிதாக ஒன்றுமில்லை,
செட்டிநாடு ரயில்வே கேட்டில் நிற்கிறேன்.
ரயிலைக் காணோம்.
எனக்கும் அவசரமில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
காற்று நின்ற முகமூடிக்குள்
என் மூச்சு சூடாக எனக்கே திரும்பி வர
பிய்த்தெறிந்து உட்கார்ந்தேன்.
மூன்று தெரு தள்ளி
ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது மில்.
நைட் ஷிஃப்ட் பையன் காற்றைக் கூட்டிவிட்டான்,
சத்தத்திலேயே தெரிகிறது,
உமியோடு குருணையும் போகும்.
பக்கத்தில் அழகம்மை
முழங்கையை நீட்டிப் போட்டு, அசந்து.
அட, குறட்டை.
மெல்லிசாக, ஒரே சீராக.
கரண்ட் வரும்வரை எண்ணினேன்.
ஓரிடத்திலும் அறவில்லை.

திங்கட்கிழமை பிரிட்டோ வந்து
கார்டை உருவிப் பார்த்துத் தலையசைத்தான்.
"மூக்குத் துவாரத்துல மட்டும் செருகுற மாதிரி
ஒரு மாஸ்க் இருக்குண்ணே,
மீசைக்குத் தொந்தரவே இல்ல."
மேலுதட்டைத் தடவிப் பார்த்தேன்.
நாலு நாள் முள்.
"உட்காரு தம்பி.
காபியைக் குடி.
குடிச்சிட்டு, இதை ஏன் போன வாரம் சொல்லலைன்னு
நிதானமாச் சொல்லு."