இருபத்தொன்றாவது வளைவு

ரெஸ்யூமில் ஏழு மொழிகள்.
ஐந்து ரோடு, மருந்துக்கடை மாடியில்
ஷர்மிளா பானு பென்சிலால் ஆறை அடித்துவிட்டு
நாற்பது வரியை நீட்டினார்:
"எங்கே உடையுது, சொல்லு."

ஏசி இல்லை. கீழே தட்டுவடை செட்டுக்கு
யாரோ காரம் கூடக் கேட்கிறார்கள்.
படித்தேன். மறுபடி படித்தேன்.
மூன்றாம் தடவைதான்
ஏற்காடு பஸ் ஞாபகம் வந்தது.
கொண்டை ஊசி வளைவு இருபது,
ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை.
இந்த நிரல் மட்டும்
இருபதையும் ஏறி முடித்து
இல்லாத வளைவுக்கு ஸ்டியரிங்கை ஒடிக்கிறது.

"ஒரு சுற்று அதிகம், மேடம்."
ஒரேயொரு சமக்குறியை அழித்தேன்.

"சரியாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

ஏழு மொழியிலும் தேடினேன்.
வாய்க்கு வந்தது
பழைய பஸ் ஸ்டாண்டு தமிழ்தான்:
"ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.