இடக்கைக் கணக்கு

ஈசூன் காப்பிக்கடையில்
மூன்று கோப்பி ஓ, ஒரு மின்கட்டண உறை.
உறையின் முதுகில்தான் எழுதத் தொடங்கினோம்
அப்பாவுக்கு இனி ஆகும் செலவை.

தயாளன் கைப்பேசியில் தேடித் தேடிச் சொன்னான்,
லோகா அக்கா எழுதினாள்.
தாதிமை இல்லம், ஆறு பேர் அறை:
மானியம் போக எவ்வளவு என்பது
வீட்டு வருமானத்தைப் பொறுத்ததாம்.
அப்பா இருப்பது என் வீட்டில்.
என் சம்பளத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னேன்.
"நல்லதாப் போச்சு, மானியம் கூடும்" என்றான் தம்பி.
அவன் கேலி செய்யவில்லை.

பணிப்பெண் என்றால் சம்பளம், தீர்வை, காப்புறுதி,
அவளுக்கும் ஒரு வாய் சோறு.
ஞாயிறு அவளுக்கு ஓய்வு.
ஞாயிறு யார் பார்ப்பது என்றேன்.
அக்கா பேனா மூடியைக் கடித்தாள்.

பகல்நேர நிலையம் மலிவு.
காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும்,
ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும்.
அந்தப் பத்தியில்
இரவு என்ற ஒன்றே இல்லை.

ஜொகூரில் ஓர் இல்லம், பாதி விலை என்றான்.
அப்பாவை ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்தோம்.
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மேசை துடைக்கிறவர் வந்தார்.
எழுபத்தைந்துக்குக் குறையாது அவருக்கு.
எங்கள் குவளைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போகும்வரை
உறையை ஈரம் படாமல்
தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

எங்கே வைத்தாலும் ஆகும் செலவு என்று
கடைசியில் எழுதினாள் அக்கா:
பால்மாவு, மாதம் ஆறு டின்.
டயாப்பர், நாளுக்கு ஐந்து.
வீட்டுக்கு வந்து உறையைக்
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.
அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.
அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா துறைமுகத்தில் டேலி கிளார்க்.
முப்பத்தொரு வருடம்
கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைகளுக்கு
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
ஒரு மூட்டை இடித்தால்
அன்று சாப்பிட உட்காரமாட்டார்.
வாதம் வந்து வலக்கை போனபோது
கோடுகளும் அதோடு போயின
என்று இருந்துவிட்டோம்.

நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன்,
உறையில் எங்களுடையதல்லாத பென்சில்.
அக்கா தீர்வையை இரண்டு தடவை கூட்டியிருந்தாள்.
ஒன்றை அடித்திருந்தார்.
பால்மாவு ஆறை
மூன்று கோடாக்கியிருந்தார்.
டயாப்பர் ஐந்தின்மேல்
நடுங்கி நடுங்கி ஒரு கோடு,
பக்கத்தில் இன்னொன்று.
அவ்வளவுதான்.
கீழே புதிய மொத்தம்.
நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.

படுக்கையிலிருந்து சமையலறைக்கு
சக்கர நாற்காலியை ஒற்றைக் கையால் தள்ளினால்
வட்டம்தான் சுற்றும்.
எத்தனை வட்டம் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தார்
என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கமலவேணி அரிசி களைந்தபடி சொன்னாள்:
"மாமா இப்பல்லாம்
ஆறு மணிக்கு மேல தண்ணி கேக்கறதே இல்லைங்க."

குவளையில் உறிஞ்சுகுழல் போட்டு நீட்டினேன்.
தாகமில்லை என்று முகத்தைத் திருப்பினார்.
உதட்டில் தோல் வெடித்திருந்தது.

உறையை எடுத்துவந்து மடியில் வைத்தேன்.
அவர் பென்சிலையே வாங்கி
அவர் போட்ட இரண்டு கோட்டுக்கு அருகில்
இரண்டு போட்டேன். குறுக்கே ஒன்று.
என் கோடு கோணலாக இருந்தது.
அதைத்தான் முதலில் கவனித்தார்.

பிறகு குடித்தார். பாதி.
மீதிப் பாதியை
எந்தப் பத்தியில் எழுதி வைத்திருக்கிறாரோ.

ஞாயிறு அக்காவும் தம்பியும் வருகிறார்கள்.
இன்னும் முடிவாகவில்லை.
இரவு பதினொன்றுக்கு ஒரு முறை, இரண்டு மணிக்கு ஒரு முறை
எழுந்து போய்
குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.