பளிங்கு தூக்கப்படவில்லை

காட்பாடியில் பஸ் ஏறும்போதே
பையைச் சரிபார்த்துக்கொண்டேன்:
டார்ச், பூதக்கண்ணாடி, காந்தம்,
பல்குத்தும் குச்சி நான்கு.
புழுத் துளையின் ஆழம் பார்க்க
அதைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை.

மேல்விஷாரத்தில், வெளியே ஒரே வீடு.
உள்ளே இரண்டு டீ வந்தது,
இரண்டு அடுப்பிலிருந்து.
இரண்டையும் குடித்தேன்.

பொருள்: பிரெஞ்சு இழுப்பறைப் பெட்டி, ஒன்று.
வால்நட் மரம். மேலே சாம்பல் பளிங்கு.
தோல் ஏற்றிப்போன கப்பல் திரும்புகையில்
கொண்டுவந்தது என்கிறார் நிசார் அஹமது.
புதுச்சேரி ஏலத்தில் எடுத்தது என்கிறார் மெஹராஜ் பானு.
அண்ணன் விற்கப் பார்க்கிறார்.
தங்கை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்,
நான் எழுதும் தொகையில் பாதியை
அண்ணன் கையில் எண்ணிவிட்டு.

அதனால் என் வேலை
இவ்வளவு சுலபமாக நடந்ததே இல்லை.
"இங்க பாருங்க, எட்டாவது படிக்கிறப்ப
காம்பஸால கீறினேன்.
கோடுகூட நேரா வரல."
"பாலிஷ் போட்டா போயிடும்" என்றார் அண்ணன்.
"கல்லுல இந்த வட்டமெல்லாம்
நோன்பு திறக்க வெச்ச எலுமிச்ச சர்பத்.
பதினேழு. எண்ணிட்டேன்."
"தொடச்சா..."
"தொடச்சா போகாது. சார் சொல்லட்டும்."
சொன்னேன். போகாது. புளிப்பு கல்லைத் தின்றுவிட்டது.
ஒரு பொருள் பாழானதற்கு
யாரும் இப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

பாலாற்றங்கரை வெயில்
பிரெஞ்சுக்காரனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.
இடப்பக்கம் மேலடுக்கு உரிந்து
உள்ளே ஓக் கட்டை தெரிகிறது.
ஒட்டியிருந்தது வச்சிரம்,
தோலைக் காய்ச்சி எடுப்பது.
தோல் மண்டிக்காரர் வீட்டில்
அந்த வாடையை யார் கண்டிருப்பார்கள்?
பின்கால் ஒன்று குட்டை.
முட்டுக்கொடுத்திருப்பது நான்காய் மடித்த ஆட்டுத்தோல்.
நல்ல பதம். அது மட்டும் கெடவில்லை.

மூன்றாவது பூட்டு உடைக்கப்பட்டது,
வருமானவரிக்காரர்கள் வந்த அன்று.
உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன்.
காலையிலிருந்து முதல்முறையாக
இருவரும் சேர்ந்து சொன்னார்கள்:
"ஒண்ணுமில்ல."

இழுப்பறையைக் கவிழ்த்தேன்.
மூலை இணைப்பில் கைரம்பத்தின் தடம் கோணலாக ஓடியது.
கோணல் நல்லது. இயந்திரம் கோணாது.
எழுதினேன்.
தங்கை முகம் சுருங்கியது,
அண்ணன் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

இனி ஒன்றுதான் பாக்கி.
செய்தவன் தன் பெயரைக் குத்தியிருந்தால்
அது பளிங்குக்கு அடியில் இருக்கும்.
இருந்தால், தொகைக்குப் பின்னால் இன்னொரு சைபர்.
கல் நாலாள் பாரம். நாங்கள் மூன்று பேர்,
அதில் அண்ணன் இடுப்பில் பெல்ட்.
தெருவில் ஆள் கூப்பிடலாம். வெள்ளிக்கிழமை,
ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

கல்லுக்கும் கட்டைக்கும் நடுவே
சுண்டுவிரல் நுழையும் சந்து.
விட்டுப் பார்த்தேன்.
ஏதோ தட்டுப்பட்டது.
எழுத்தாக இருக்கலாம்.
புழு போன வழியாகவும் இருக்கலாம்.
தங்கை என் விரலைக் கவனிக்கவில்லை.
பதினெட்டாவது வட்டத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

அறிக்கையின் கடைசி வரியில்
பளிங்கு தூக்கிப் பார்க்கப்படவில்லை
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
பொய் இல்லை.

சுண்டுவிரல் நுனியில் ஒட்டிய தூசியை
சத்துவாச்சாரி தாண்டும்வரை
தட்டிவிடத் தோன்றவில்லை.